சுருட்டி வைக்காத மேட்

என் ஆசை ஹேமா மதினிக்கு,

நீங்கள் டாக்டரிடம் பொய் சொன்னீர்கள்.

"பீரியட்ஸ் எல்லாம் ரெகுலரா?" என்று அவர் கேட்டார். "ரெகுலர்தான் டாக்டர்" என்றீர்கள். அது பொய். தள்ளிப் போயிருந்தது. தள்ளிப் போய், அப்புறம் கொஞ்சமாக வந்திருந்தது. முந்தின நாளே வெந்நீர்ப் பை கேட்டீர்களாம், அண்ணன் சொன்னான். அதை அடிவயிற்றில்தான் வைத்துக்கொண்டீர்களாம். ஆனால் டாக்டரிடம் தோளை மட்டும்தான் காட்டினீர்கள்.

அந்த அறையில் நான் இல்லை. அம்மா இருந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரிடமும் அம்மா இதைத்தான் சொல்கிறாள். "ரெகுலர்னுதான சொன்னா. என் ரெண்டு காதாலயும் கேட்டேன். எனக்கு எப்பிடித் தெரியும்?" கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி சொல்கிறாள். வந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். காபியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த கேள்வியை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. படித்த பெண், சென்னையில் அத்தனை வருசம் தனியாக இருந்து வேலை பார்த்த பெண், வலியோடு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்?

எனக்குத் தெரியும், மதினி. பக்கத்து நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

இதை ஊர் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஊர் உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறது. "யோகா பண்ணிச் செத்துப்போச்சே, அந்தப் பிள்ளை" என்றால் விருதுநகரில் எங்கள் தெருவுக்கு ஆட்டோக்காரர் வழி கேட்காமல் வந்துவிடுவார். பஸ் ஸ்டாண்டில் ஒரு பொம்பளை என்னைக் காட்டியே இன்னொருத்தியிடம் சொன்னாள்: "தலைகீழா நிக்குமாம். ரத்தம் பூராம் மூளைக்கு ஏறிருச்சாம்." நான் திரும்பிப் பார்த்து, "ஏறலை, வயித்துக்குள்ள இறங்கிருச்சு" என்றேன். அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

கல்யாணமாகி வந்த மறுவாரமே மொட்டைமாடிக்கு யோகா மேட்டைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். விடிந்தும் விடியாத நேரம். கீழே மிளகாய் மண்டியில் மூட்டை இறக்குகிறார்கள், நெடி மேலே ஏறுகிறது. நீங்கள் மூக்கால் இழுத்துத் தொண்டையில் சத்தம் வருகிற மாதிரி மூச்சு விடுகிறீர்கள். மூன்றாவது சூரிய நமஸ்காரத்தில் தும்ம ஆரம்பித்தவர்தான். தும்மித் தும்மிக் கீழே இறங்கி வந்தபோது அம்மா காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏத்தா, மேல குக்கர் எதுவும் வச்சிருக்கியா? விசில் வராம புஸ்ஸு புஸ்ஸுனு கேக்குதே."

நீங்கள் கோபப்படவில்லை. மறுநாள் முகத்தில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஏறினீர்கள். அதற்கும் மறுநாள் மூட்டை இறக்குகிறவர்களிடம் போய், எந்த நேரத்தில் லோடு வரும் என்று விசாரித்து, அதற்கு முன்னால் முடிக்கிற மாதிரி எழுந்தீர்கள்.

அந்தப் பிடிவாதத்தைப் பார்க்கத்தான் நான் மேலே வந்தேன். யோகாமேல் எனக்கு ஒரு மண்ணும் ஆசை இல்லை. ரெண்டு பேராகச் செய்தால் அம்மா ஆளுக்குப் பாதிதான் திட்டுவாள் என்று கணக்குப் போட்டேன். அது தப்புக் கணக்கு. ரெண்டு பேருக்கும் முழுசாகவே திட்டினாள்.

"எனக்குச் சொல்லித் தாங்க" என்று கேட்டபோது மாட்டேன் என்றீர்கள். "நானே மரீச்யாசனத்துல வருசக்கணக்கா மாட்டிக்கிட்டுக் கெடக்கேன். கை முதுகுக்குப் பின்னால போய் இன்னொரு கையைப் பிடிக்கவே மாட்டேங்குது. நான் என்னத்தைச் சொல்லித் தர? பக்கத்துல நில்லு. நான் எண்ணுறதைக் கேட்டு மூச்சு விடு. விழுந்தா நீயே எந்திரி."

ஏகம், த்வே, த்ரீணி என்று மெதுவாக எண்ணுவீர்கள். உங்களுக்கும் சேர்த்து, எனக்கும் சேர்த்து. நான் குப்புற விழுந்தாலும் எண்ணிக்கை நிற்காது. படகு மாதிரி உட்கார்கிற நாவாசனத்தில் காலைத் தூக்கிக்கொண்டு நான் கிடுகிடுவென நடுங்கும்போது வேண்டுமென்றே இழுத்து இழுத்து எண்ணுவீர்கள். "மதினி, சீக்கிரம்!" என்று கத்துவேன். "படகு இன்னும் கரை சேரலைடி" என்பீர்கள்.

சென்னையில் நீங்கள் இருந்த ஹாஸ்டலைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று கட்டில் போட்ட அறை. மேட்டை முழுசாக விரிக்க இடம் கிடையாது. கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத்தான் படுக்க வேண்டும். மேலே ஒருத்தி புரண்டால் தூசி உங்கள் வாயில் விழும். ஆபீஸ் கேப் வருவதற்கு முன்னால், பாத்ரூம் வரிசைக்கு முன்னால், மற்றவர்களின் அலாரம் அடிப்பதற்கு முன்னால் முடித்துவிடுவீர்கள். முழுசாகச் செய்ய முடியாத நாளில் நமஸ்காரம் மட்டும். அதுவும் முடியாத நாளில் மேட்டில் ஏறிக் கும்பிட்டு நின்றுவிட்டு இறங்கிவிடுவீர்கள். "பெருசா ஒண்ணுமில்ல வளரு. தெனமும் வந்து நிக்கணும். அம்புட்டுதான். நின்னுட்டா மிச்சம் தானா நடக்கும்." அத்தனை பெரிய ஊரின் அவசரத்தில் விடாமல் காப்பாற்றியதை இந்த வீட்டில் காப்பாற்றத்தான் படாத பாடு பட்டீர்கள்.

ஏனென்றால் சென்னையில் உங்கள் மேட்டை யாரும் படிக்கவில்லை.

இங்கே படித்தார்கள். நீங்கள் செய்கிற அஷ்டாங்க யோகாவில் உங்களுக்கு என்று சில ஓய்வு நாட்கள் உண்டு. சனிக்கிழமை கிடையாது. அமாவாசை, பௌர்ணமி கிடையாது. அப்புறம் மாதவிலக்கு வந்தால் மூன்று நாள் கிடையாது. அந்த மூன்று நாளும் மேட்டைச் சுருட்டி மாடிப்படி மூலையில் நிற்க வைப்பீர்கள். முதல் ரெண்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த மேட்தான் எங்கள் வீட்டு அறிவிப்புப் பலகை. துணி காயப்போட ஏறுகிற அம்மாவின் கண் முதலில் மூலைக்குத்தான் போகும். சனிக்கிழமையா என்று பார்ப்பாள். காலண்டரில் அமாவாசையா என்று பார்ப்பாள். ரெண்டும் இல்லையென்றால் இறங்கி வந்து அடுப்படியில் பாத்திரத்தை ஒரு வைப்பு வைப்பாள். அந்தச் சத்தத்திலேயே அண்ணனுக்கு விசயம் தெரிந்துவிடும். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்விடுவான். ஒரு தடவை எதிர்வீட்டு அத்தை அவள் மாடியில் நின்றுகொண்டே அம்மாவிடம் கேட்டாள்: "என்ன மதினி, மேட்டு மூலையில நிக்குது? இந்த மாசமும் இல்லையா?"

உங்கள் உடம்புக்குள் நடப்பதைத் தெரு கைப்பிடிச் சுவர் தாண்டி விசாரித்தது. அண்ணன் உடம்பில் என்ன குறை என்று அந்தச் சுவரைத் தாண்டி ஒருத்தர்கூட விசாரிக்கவில்லை.

அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னீர்கள். "இனிமே மாசம் பூராம் விரிக்கப் போறேன். அந்த மூணு நாளும் சும்மா மேல போய் உக்காந்துட்டு வருவேன். இந்த மேட்டு இனிமே உங்கம்மாகிட்ட வாயைத் தொறக்காது." சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். எனக்கும் அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

மேட் மூலைக்கு வரவில்லை என்றதும் அம்மாவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. தள்ளிப் போயிருக்கிறது என்று அவளே முடிவு செய்துகொண்டு உங்களை இருக்கன்குடிக்குக் கூட்டிப் போய் மாரியம்மன் கோயிலில் தொட்டில் கட்ட வைத்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நீங்கள் யாருக்கும் தெரியாமல் அழுததை நான் பார்த்தேன். மறு மாதமும் மேட் விரிந்துதான் கிடந்தது, ஆனால் நீங்கள் நல்ல சேதி எதுவும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கணக்கு குழம்பிப் போனது. நேராகக் கேட்க ஆரம்பித்தாள். காலையில் காபியோடு கேட்டாள். நீங்கள் லேப்டாப்பில் மீட்டிங்கில் இருக்கும்போது கதவைத் திறந்து வந்து கேட்டாள்.

டாக்டர் கேட்டபோது பக்கத்து நாற்காலியில் இருந்தது இந்த அம்மாதான். தள்ளிப் போய், வந்துவிட்டது என்று நீங்கள் அங்கே சொல்லியிருந்தால் வீடு வந்து சேர்வதற்குள் என்ன நடந்திருக்கும்? "வந்ததைத் தங்க விடாமப் பண்ணிட்டியே. தலைகீழா நிக்காத, நிக்காதன்னு சொன்னேனே." அந்த ஒரு பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் சொன்னீர்கள், ரெகுலர் என்று. உங்களுக்கே அது சாதாரண விலக்குதான் என்று தோன்றியிருக்கும். அதைத் தவிர வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அம்மாவை வெளியே போகச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

மற்ற கேள்விகளுக்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னாளாம். "தெனமும் தலைகீழா நிப்பா டாக்டர்." அவர் சிரித்தாராம். தோளுக்கு ஒரு ஆயின்ட்மென்ட். வலி மாத்திரை. கொஞ்ச நாளைக்கு யோகாவை நிறுத்தச் சொன்னார்.

அப்போது எனக்கு சிவகாசியில் சீசன். தீபாவளி லேபிள் வேலை தலைக்கு மேல். வெடிப் பெட்டிக்கு மேலே ஒட்டுகிற படங்களைக் கம்ப்யூட்டரில் சரி பண்ணி அச்சுப் பிளேட்டுக்கு அனுப்புகிற வேலை என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனியில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடச் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரமாக நான் மாடிக்கு வரவில்லை. நீங்கள் தனியாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்து நடந்ததை அம்மா யாரிடமும் சொல்வதில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதை உங்களிடம் சொல்ல வேண்டுமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும்.

டாக்டரைப் பார்த்த மறுநாள் காலையில் நீங்கள் மேலே போனீர்கள். மேட்டை விரித்தீர்கள். நிறுத்தச் சொன்ன பிறகும் விரித்தீர்கள், சுருட்டி வைத்தால் அம்மா படிப்பாள் என்று. அம்மா துணி காயப்போட வந்தாள். நீங்கள் மேட்டில் படுத்திருந்தீர்கள். கண் மூடியிருந்தது. கை ரெண்டும் விரிந்து கிடந்தது.

கடைசியில் படுக்கிற அந்த ஆசனத்தின் பேரை அம்மா வீட்டில் சொல்ல விட்டதில்லை. "சுமங்கலிப் பொண்ணு வாயில சவம் கிவம்னு வரலாமா?" என்பாள். அதனால் அவள் மட்டும் அதை 'அந்தப் படுப்பு' என்று சொல்லுவாள். வந்த புதிதில் நீங்கள் படுத்திருக்கும்போது அம்மா மேலே வந்து வாளியை டமார் என்று வைப்பாள், தண்ணீரை உதறுவாள். ஒரு நாள் நீங்கள் எழுந்து கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டீர்கள். "அத்தை, வேற எப்ப வேணாலும் கூப்பிடுங்க. இப்பிடிப் படுத்திருக்கும்போது மட்டும் எழுப்பாதீங்க. இதுக்காகத்தான் மிச்சம் எல்லாமே பண்றேன்."

அம்மா உங்கள் யோகாவில் எதையும் மதித்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் மதித்தாள்.

அன்றைக்கும் மதித்தாள். வாளியைச் சத்தமில்லாமல் வைத்தாள். துணியை உதறாமல் போட்டாள். நுனிக்காலில் இறங்கிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து எட்டிப் பார்த்தாள். அப்படியே கிடந்தீர்கள். வெயில் முகத்தில் அடித்தது. "ரொம்ப அசதி போல, பாவம்" என்று நினைத்து உங்கள் முகத்துக்கு வெயில் படாமல் ஒரு சேலையைக் கொடியில் இழுத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

மதினி, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அம்மா கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை எனக்கு மூச்சு விட முடிந்தது. அந்தச் சேலையைப் பற்றிக் கேட்டதிலிருந்து முடியவில்லை.

மதியம் அண்ணன் வந்து பார்த்துத்தான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். அங்கே ஒரு பெண் டாக்டர்தான் வெளியே வந்து சொன்னார். கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கிவிட்டது. குழாய் வெடித்து, ரத்தம் வயிற்றுக்குள்ளேயே நிரம்பிவிட்டது. உள்ளே ரத்தம் கட்டினால் சில பேருக்குத் தோளில்தான் வலிக்குமாம். கொஞ்சமாகப் பட்டதை விலக்கு என்று நினைத்திருப்பார் என்றார். "முன்னாடியே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். யோகாவினால் இது வராது என்றும் சொன்னார். நான் கேட்டுத்தான் சொன்னார். அதற்குள் அண்ணன் நகர்ந்துவிட்டான்; அதைக் கேட்க அங்கே நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

நம் பக்கம் எங்கேயாவது ஒரு பட்டாசு ஷெட் வெடித்தால் தாசில்தார் வருவார். விசாரணை என்று ஒன்று பேருக்காவது நடக்கும். யார் ரூல்ஸை மீறியது, எந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்பார்கள். வீட்டு மாடியில் ஒரு பெண் செத்தால் யாரும் வருவதில்லை. தெருவே கூடித் தீர்ப்பு எழுதிவிடுகிறது. உங்கள் கேஸில் குற்றவாளி ஒரு ரப்பர் மேட்.

இப்போதைய சேதியைச் சொல்கிறேன்.

மாடிக் கதவுக்கு அண்ணன் பூட்டுப் போட்டான். சாவி அம்மா இடுப்பில். உங்கள் உடுப்பையெல்லாம் உங்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. தை பிறந்த பிறகு ஒரு நாள் மாடிக் கதவு திறந்து கிடந்தது. போய்ப் பார்த்தால் உங்கள் மேட்டில் மோர்மிளகாய் காய்கிறது.

பிடுங்கினேன். மிளகாய் சிதறி மாடி முழுக்க ஓடியது. "பாவி மகளே, வருசத்துக்கு ஆகுற வத்தலு!" என்று அம்மா கத்தினாள். நான் மேட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். இன்னமும் நெடி போகவில்லை. கை வைத்துக் குனிந்தால் உள்ளங்கை காந்துகிறது. கண்ணில் தண்ணீர் வருகிறது. மிளகாய்தான்.

அதைக் கம்பெனிக்கு எடுத்துப் போய்விட்டேன். வீட்டில் விரிக்க முடியாது. அறையில் விரித்தால் அம்மா வாசலில் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில், பேப்பர் குடோனில், ரீம் அடுக்குக்கு நடுவில் ஒரு சந்து இருக்கிறது. மேட் அகலம்தான் இருக்கும். கையைப் பக்கவாட்டில் விரித்தால் ரெண்டு பக்கமும் ஆர்ட் பேப்பர் இடிக்கும். உங்கள் ஹாஸ்டலை நினைத்துக்கொள்வேன். வெறும் வயிறும் கிடையாது, விடிகாலையும் கிடையாது. பின்னால் கட்டிங் மிஷின் சத்தம். அதில் என் மூச்சு எனக்கே கேட்பதில்லை.

கட்டிங் செக்‌ஷன் முத்துமாரி அக்கா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வளரு, மருந்தடிச்ச கரப்பான் கணக்கா மல்லாக்கக் கெடக்கீக?" என்றது. விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் அது சந்து முனையில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்துகொண்டது. "யாரும் வராமப் பாத்துக்கிடுதேன், பண்ணுங்க." நான் கடைசியில் அந்த ஆசனத்தில் படுத்தேன். கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அக்கா வந்து என் காலைப் பிடித்து உலுக்கியது. "ஏ பிள்ளை! ஏ வளரு! கண்ணத் தொற!" அதற்கு என் வீட்டுக் கதை தெரியும். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "மன்னிச்சுக்கோங்க, எனக்குப் பாத்துக்கிட்டு இருக்க முடியல" என்றது.

அது உலுக்கியபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா மதினி? ஓவென்று அழுதுவிட்டேன். உங்களை இப்படி ஒரு ஆள் உலுக்கியிருக்கக் கூடாதா?

தினமும் வந்து நின்றால் போதும் என்றீர்கள். நிற்கிறேன். மிச்சம் நடக்கவில்லை. நாலாவது மூச்சில் எண்ணிக்கை விட்டுப் போகிறது. நமஸ்காரத்தில் குனிந்தவள் நிமிர மறந்து அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறேன். யோகா மனதை அமைதியாக்கும் என்று போனில் வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் கல்லை எடுத்து எறியலாம் போலிருக்கிறது. எனக்கு அமைதி ஒன்றும் வரவில்லை. நான் இதை விடாமல் இருப்பதற்கு ஒரே காரணம்தான் இருக்கிறது. நான் விட்டுவிட்டால் அவர்கள் சொல்வது உண்மையாகிவிடும். யோகாதான் உங்களைக் கொன்றது என்று நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆனால் இப்படிக் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு மேட்டில் ஏற முடியும்? கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது மதினி. போன வாரம் ரெண்டு நாள் மேட்டை எடுக்கவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொரு சேதி. எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை. அண்ணனுக்குப் பெண் பார்க்கிறார்கள்.

வருசம் திரும்பவில்லை. "அவனுக்கு ஒரு துணை வேணாமா?" என்கிறாள் அம்மா. அருப்புக்கோட்டையில் ஒரு பெண். அவள் போட்டோ சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, உங்கள் போட்டோவுக்குக் கீழே. அண்ணன் ரெண்டையும் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். போன ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்து உட்கார்ந்து, "பொண்ணு ரொம்ப அடக்கம். யோகா, கீகா எதுவும் கெடையாது" என்று சிரித்தார். அண்ணனும் லேசாகச் சிரித்தான். சிரிக்க வேண்டுமே என்று சிரித்தான். நான் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தரையில் போட்டேன்.

"ஏலே, அவளை உள்ள கூட்டிட்டுப் போ" என்றாள் அம்மா அண்ணனிடம்.

"நான் எங்கயும் போகலை" என்றேன். தரகரைப் பார்த்துச் சொன்னேன்: "எங்க மதினி யோகாவுல சாகலை. கர்ப்பம் குழாயில தங்கி, அதைக் கேக்க நாதியில்லாமச் செத்துச்சு. டாக்டர் ரூம்ல எங்கம்மா பக்கத்துல இருந்ததால வாயைத் தொறக்க முடியாமச் செத்துச்சு. அந்தப் பொண்ணு வீட்டுல போய் இதையும் சொல்லுங்க."

தரகர் செருப்பை மாட்டாமலே கையில் எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் என்னை அடிக்கக் கை ஓங்கினான், ஓங்கின கையை அப்படியே தன் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்களுக்காக அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் திறக்கவில்லை.

அம்மாதான் பேசினாள். செம்பை எடுத்துத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "நான் வெளிய இருந்திருந்தா சொல்லியிருப்பாளோ?"

என்ன சொல்ல? ஆமாம் என்றால் அவள் செத்துவிடுவாள். இல்லை என்றால் நீங்கள் மறுபடியும் ஒரு தடவை சாவீர்கள்.

அருப்புக்கோட்டை இல்லாவிட்டால் இன்னொரு ஊர். யாராவது ஒருத்தி இந்த வீட்டுக்குள் வரத்தான் போகிறாள். அவள் மேட்டோடு வருவாளோ, மூக்குத்தியோடு மட்டும் வருவாளோ, எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். அவளுக்குத் தலைவலி என்றாலும் நான்தான் கூட்டிப் போவேன். டாக்டர் அறை வாசலில் அம்மாவை நிறுத்துவேன். அண்ணனை நிறுத்துவேன். நானும் வெளியே நின்றுகொள்வேன். கதவைச் சாத்திவிட்டு அவளை மட்டும் பேச விடச் சொல்வேன். அந்த டாக்டர் சிரித்தால் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்கச் சொல்வேன். இதற்காக இந்த வீட்டில் எனக்குச் சோறு நின்றாலும் சரி.

மேட்டையும் விடமாட்டேன். எனக்கு விலக்கு வந்தால் சுருட்டி நடுவீட்டில் நிற்க வைப்பேன். வருகிறவன் போகிறவன் எல்லாரும் படித்துக்கொள்ளட்டும். மறைக்கிற வேலையை இனிமேல் இந்த வீட்டில் எந்தப் பெண்ணும் செய்ய வேண்டாம்.

இதைக் குடோன் சந்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைக்கு மிஷினை நிறுத்திவிட்டார்கள், எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். முத்துமாரி அக்காவையும் போகச் சொல்லிவிட்டேன். உங்கள் மேட் விரித்திருக்கிறது, நான் அதன் ஓரத்தில் இருக்கிறேன். நடுவில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அம்மா இங்கே இல்லை, மதினி. அண்ணன் இல்லை. எதிர்வீட்டு அத்தை இல்லை. கதவைச் சாத்திவிட்டேன். நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன், யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள்.

எங்கே வலிக்குது, மதினி?

உங்கள் நாத்தனா,
வளர்மதி